இழுத்துப் பார்க்கும் கை

கதவைச் சாத்திவிட்டு நாமெல்லாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவர் போகமாட்டார். சாத்துவார், கயிற்றைக் கட்டுவார், நாலடி நடப்பார், திரும்பி வந்து ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். அசையவில்லை என்றால்தான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதற்குப் பிறகுதான் பீடியே பற்றவைப்பார். தன் வீட்டுக் கதவு, தன் கோழிக்கூண்டுக் கதவு என்றில்லை, அடுத்தவர் கதவாக இருந்தாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போவார்.

மரக்காணத்து உப்பளத்தில் மதகு பார்ப்பது அவர் வேலை. கடலோடு சேர்கிற கழியிலிருந்து அளத்துக்குள் தண்ணீர் வருகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் தண்ணீர் நிற்கும், உருவினால் உள்ளே வரும். கோடையில் உப்புக்கு வேண்டிய அளவு விடவேண்டும். மழைக்காலத்தில் கழி பொங்கும்போது ஓடிப்போய்ப் பலகை போடவேண்டும், இல்லையென்றால் வரப்பெல்லாம் கரைந்து, அடுத்த பருவத்துக்கு அளமே இருக்காது. இதை அவர் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஏறுகிறது என்று யாராவது சொன்னால் அவர் கால் மதகை நோக்கித்தான் ஓடும். தூக்கத்தில் சொன்னாலும் அப்படித்தான்.

நான் திண்டிவனத்துப் பக்கம் பிரம்மதேசத்துக்காரி. பால்வாடி டீச்சராக அந்த அளத்தோரக் குடியிருப்புக்கு மாற்றலாகி, கைக்குழந்தையான மகளோடு அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரியில் ஷிப்ட் வேலை, வாரம் ஒரு முறை வருவார். பக்கத்தில் துணை என்றால் அவரும் அவர் மனைவியும்தான். அவரை அண்ணா என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். இரண்டாயிரத்து நாலாம் வருடம் டிசம்பரில் வந்த தண்ணீர் அண்ணியைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு ஒன்றேகால் வருடம் கழித்து அண்ணா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று அவர் வீட்டுக் கதவு கட்டியிருந்ததா என்று. அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

அவர் கோழிக்கூண்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த ஊரில் கோழி வளர்ப்பது என்றால் சும்மா இல்லை. மேலே பருந்து, காகம். கீழே கீரி, பாம்பு, பெருச்சாளி. வேலிக்காத்தான் புதரில் மரநாய். இவை போதாதென்று மீன் தலை தின்று கொழுத்த நாய்கள். நான் குடிவந்த புதிதில் அவரிடம் கம்பி வலை அடித்த கூண்டு ஒன்று இருந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் வீட்டு ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். இருந்தும் திண்டிவனத்துக் கடைக்காரன் ஒருவன் இது துருப்பிடிக்காத வலை என்று சொன்னதை நம்பி வாங்கி அடித்துவிட்டார். ஒரு மழைக்காலம்தான் போனது. மரநாய் வலையைக் கடிக்கக்கூட இல்லை, தலையால் முட்டியது, வலை அப்பளமாக நொறுங்கியது. ஏழு கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அதில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

“தின்னுட்டுப் போயிருந்தாகூட மனசு ஆறும் டீச்சரு. ஆறு கோழிய எதுக்கு கொன்னுச்சுன்னே தெரியலயே,” என்றார் அன்று. செத்த கோழிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். அறுத்துக் குழம்பு வைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கட்டியதுதான் அந்தக் கூண்டு. மதகிலிருந்து கழித்துப்போட்ட பழைய பலகைகளைக் கேட்டு வாங்கி, தார் பூசி, ஒரு ஆணிகூட வெளியே தெரியாமல் கட்டினார். கூண்டுக்கு அடியிலும் பலகை அடித்து, அது உட்காரும் இடத்தை அளத்துப் பாத்தியை மிதித்து இறுக்குவதுபோல் களிமண் போட்டு மூன்று நாள் காலால் மிதித்தார், பெருச்சாளி கீழே தோண்டி வரக்கூடாது என்று. காற்றுக்கு விட்ட இடுக்குகளில் தீக்குச்சியை விட்டுப் பார்ப்பார். தீக்குச்சி நுழையலாம், பீடி நுழையக்கூடாது. அதுதான் அளவு. முற்றத்துக்கு மேலே மீனவர்களிடம் வாங்கிய கிழிந்த வலையை விரித்துக் கட்டினார். கதவுக்குக் கொக்கி கிடையாது, கொக்கி துருப்பிடிக்கும். நீல நைலான் கயிறு. நாலு முடிச்சு. நாலாவது முடிச்சின் நுனியை உள்ளே செருகிவிடுவார். அதை அவிழ்ப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

அண்ணிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வாசல்வரை வருவார், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. கட்டிலில் படுத்தபடியே கோழிகளைக் காதால் மேய்ப்பார். “மேல பாத்து கத்துது, பருந்துதான். போய்ப் பாரு,” என்பார். “இது வேற மாரி கத்துது. கீழ இன்னாவோ இருக்குது, பாம்பா பாரு.” ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஒரு தடவை குஞ்சுகளுக்கு ரோஸ் கலர் சாயம் முக்கி விடச் சொன்னார், பருந்துக்கு அடையாளம் தெரியாது என்று யாரோ சொன்னார்களாம். அண்ணாவும் முக்கினார். இரண்டாம் நாளே பருந்து ஒரு ரோஸ் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. அண்ணி சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. “அதுக்கும் கலர் புடிச்சிருக்குதுய்யா,” என்றார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த நாள்களில் அது ஒன்று.

வீட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்ததற்கும் ஒரு கோழிதான் காரணம். அடைகாக்கிற பெட்டைகளை அண்ணியின் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பார்கள். இரும்புத் துண்டு ஒன்றும் அடுப்புக்கரியும் கூடையில் போட்டு, இடிச்சத்தத்துக்கு முட்டை கெடாமல் பார்த்துக்கொள்வது அண்ணி பொறுப்பு. ஒரு பகல், அண்ணா அளத்துக்குப் போயிருந்தபோது, திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு நாய் உள்ளே வந்து அடைக்கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அண்ணி கையில் கிடைத்த டம்ளரை வீசியிருக்கிறார், சொம்பை வீசியிருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடியபோது, கட்டிலிலிருந்து விழுந்து, உடைந்த முட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தார். வீடெல்லாம் இறகு.

“ஒரு நாயிகூட என்னக் கண்டு பயப்படல,” என்று அழுதார். அன்று சாயங்காலம் அண்ணாவிடம் அவர்தான் சொன்னார், நானே கேட்டேன். “நீ போசொல்ல வெளிய கட்டிட்டுப் போ. என்னயும் கோழியோட சேத்து அடைச்சிடு. நாய் வந்தா நா இன்னா பண்ணுவேன்?”  மறுநாள் அண்ணா வீட்டுக் கதவிலும் நிலையிலும் ஓட்டை போட்டு, அதே நீலக் கயிற்றைக் கோத்துவிட்டார். அதே நாலு முடிச்சு. கட்டிவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். உள்ளேயிருந்து அண்ணி, “ஓட மாட்டேன்யா, போ,” என்று குரல் கொடுப்பார். தினமும் காலையில் இது நடக்கும். அது எனக்குப் பழகிப்போய்விட்டது.

என்னோடு ஒரு முறை சண்டைகூட வந்தது. பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முட்டைகளை வைத்திருப்பேன். சாயங்காலம் பூட்டிவிட்டு நான் திரும்பும்போது, எதிரே வருகிற அண்ணா நேராகப் போய் என் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்று சூப்பர்வைசர் வேறு வந்து காய்ச்சிவிட்டுப் போயிருந்தார்.

“இன்னாண்ணா, எம்மேல நம்பிக்கை இல்லியா உங்களுக்கு? பூட்டத் தெரியாதவன்னு நெனச்சீங்களா?”

அவர் பதறிப்போனார். பூட்டிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயோ, நம்பிக்கை இருக்குது டீச்சரு. எனக்கு இருக்குது. கைக்குத்தான் இல்ல. நா சொன்னா கேக்க மாட்டுது,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போய்விட்டது. அந்தக் கை என்ன சொல்லப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோழிகளை ஒன்பது மணிக்கு முன்னால் திறந்துவிடமாட்டார். சீக்கிரம் விட்டால் புதரில் போய் முட்டையிடும், கீரி தின்னும் என்று கணக்கு. காலையில் மதகைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துதான் கூண்டைத் திறப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போயிருந்தார். கிறிஸ்துமசுக்கு மறுநாள். மழைத்தண்ணீர் நின்ற அளத்தில் வானம் தெரிந்துகொண்டிருந்தது. அந்த வாரம் என் வீட்டுக்காரர் வரவில்லை, நான் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“கழியில தண்ணி ஏறுது! தண்ணி ஏறுது!” என்று யாரோ கத்தினார்கள்.

வெளியே வந்து பார்த்தேன். கழி தப்பான பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் கறுப்பாக, நுரையும் குப்பையுமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். அண்ணா மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு மதகுப் பலகையோடு, வரப்புமேல் மதகை நோக்கி ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கழியில் தண்ணீர் ஏறினால் பலகை போடவேண்டும். அவருக்குத் தெரிந்தது அதுதான். கடலே எழுந்து வருகிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதற்கு ஒரு பெயர் இருப்பதே பிறகு டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரோட்டுக்குப் போகிற வழி அவர் வீட்டைத் தாண்டித்தான். கூண்டுக்குள் கோழிகள் அலறிக்கொண்டிருந்தன. அண்ணி சொன்ன மேல் சத்தமும் இல்லை, கீழ் சத்தமும் இல்லை, நான் கேட்டே இராத ஒரு சத்தம். வீட்டுக் கதவு கட்டியிருந்தது. நீலக் கயிறு, நாலு முடிச்சு. என் பாதத்தில் தண்ணீர் பட்டுவிட்டது.

“யாரு போறது? டீச்சரா? ஏம்மா, கதவ தெற,” என்று உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார். குரல் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்துவிட்டிருக்கிறார்.

நான் ஒரு கையால் கயிற்றைத் தொட்டேன். மற்ற கையில் குழந்தை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். நுனி எங்கே செருகியிருக்கிறது என்று தெரியவில்லை. குழந்தையைக் கீழே இறக்கத் தண்ணீரில் இடமில்லை. “அண்ணா வர்றாரு அண்ணி, இதோ வந்துட்டாரு,” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அவர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எந்தப் பக்கம் ஓடினார் என்பதை இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தேன்.

ரோட்டுமேட்டில் ஏறி மகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வீடு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் படிக்கட்டுவரை வந்து, கொஞ்சம் தயங்குவதுபோல நின்றது. நானும் நின்றேன். பக்கத்தில் பத்து இருபது பேர் நின்றார்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் இரண்டாவதாகப் பெரியது வந்தது. மண்சுவர் உட்கார்ந்தது. கூரை தனியாக மிதந்து போனது.

அண்ணியை மறுநாள் வேலிக்காத்தான் புதரில் எடுத்தார்கள். வீட்டுக் கதவு கிடைக்கவே இல்லை. கோழிக்கூண்டு கிடைத்தது. தார் பூசிய பலகை அல்லவா, உடையாமல் மிதந்துபோய், தூரத்து வரப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. கயிறு அப்படியே இருந்தது. நாலு முடிச்சும் அப்படியே இருந்தது. உள்ளே பதினோரு கோழியும் ஒரு சேவலும் நனைந்த துணிபோலக் கிடந்தன. மதகு மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் பிழைத்த அண்ணா அந்தக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்க்காமல், இடுக்கு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவர் பக்கம் போகத் தைரியம் வரவில்லை.

தகரக் கொட்டகையில் சில மாதம் இருந்துவிட்டு எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பினோம். எங்கே போவது? அளம்தான் சோறு. அண்ணாவும் பழைய இடத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார். குடிசைக்குக் கதவு வைக்கவில்லை. நிலைகூட இல்லை. தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கொடுத்தார்கள், அதையும் தரையில் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டார்.

யாரோ புண்ணியவான்கள் வீட்டுக்குப் பத்துக் கோழி என்று கொடுத்தார்கள். பண்ணைக் கோழிகள். பொரிக்கிற மிஷினில் பிறந்தவை, தாய்க்கோழியைப் பார்த்ததே இல்லை. பருந்தின் நிழல் விழுந்தால் நம் ஊர்க்கோழி புதருக்குள் பாயும். இவை நிமிர்ந்து, என்ன அது என்று பார்க்கும். அப்படிப்பட்ட கோழிகளுக்குக் கூண்டு வேண்டுமா வேண்டாமா? அந்தப் பழைய கூண்டையே அண்ணா வரப்பிலிருந்து இழுத்துவந்து வைத்தார். வைத்துவிட்டு, அதன் கதவை மட்டும் பிடுங்கி வாசல் சேற்றில் நடப்பதற்குப் போட்டார். மேலே வலையும் கட்டவில்லை.

மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று கோழி குறைந்தது. காலையில் பால்வாடிக்குப் போகும்போது இறகு கிடக்கும். அவர் அதைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரம் தாங்காது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவள் நான்தான், ஆனாலும் கத்தினேன்.

“கட்டுங்கண்ணா! ஒரு கயிறு கட்டறதுக்கு இன்னா வலிக்குது? வாயில்லாத ஜீவன கீரிக்கு தூக்கிப் போடறீங்களே!”

“கெடக்கட்டும் டீச்சரு. தெறந்தே கெடக்கட்டும்.”

“எல்லாம் செத்துப் பூடும்.”

“ஓடறதுக்கு வழி இருக்குதுல்ல,” என்றார். “ஓடத் தெரியலன்னா அது வேற.”

ஊரில் சிரித்தார்கள். முன்னால் ஈ போகாத கூண்டு கட்டினவர் இப்போது கீரிக்கு ஓட்டல் வைத்திருக்கிறார் என்றார்கள். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கோழி போகும்போதும் எனக்குள் ஏதோ கிழிந்தது. அவருக்குப் பயந்துகொண்டு நான் வேறு தெரு வழியாகப் போன நாள்கள் உண்டு.

இரண்டாயிரத்து ஆறு. பங்குனி மாதம் என்று நினைவு. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பத்துக் கோழியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. சிவப்புப் பெட்டை, எப்படியோ ஓடக் கற்றுக்கொண்ட ஒன்று. அன்று மத்தியானம் அண்ணா என் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சரு, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கண்ணா.”

“அன்னிக்கு நீங்க எங்கூட்டுப் பக்கமாதான ஓடுனீங்க?”

 ஆமாம் என்றேன்.

“கதவு கட்டியிருந்துச்சா?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே பேசினார். “யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எழுந்தேன். அவளுக்கு டீ போட்டுக் குடுத்தேன். கோழிக்கு தவுடு வெச்சேன். பீடி எடுத்தேன். அப்புறம் பாத்தா மதகுல நிக்குறேன். நடுவுல கதவாண்ட இன்னா செஞ்சேன்னு வரவே மாட்டுது. ஒரு நாளாவது மறந்திருக்க மாட்டேனா, சொல்லுங்க. இத்தினி வருசத்துல ஒரு நாளு.”

அவர் கேட்டது உண்மையை அல்ல. எனக்கு அது புரிந்தது. கெஞ்சினார்.

“தெறந்துதான் இருந்துச்சுண்ணா,” என்றேன். “சும்மா சாத்தியிருந்துச்சு. கயிறு நிலையில தொங்கிச்சு. நா பாத்தேன்.”

“அவ கூப்ட்டாளா?”

“இல்லண்ணா. ஒரு சத்தமும் இல்ல.”

“அப்ப தூங்கிட்டிருந்திருப்பா.”

“ஆமாண்ணா.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் வாசலில் நின்று பார்த்தேன். அண்ணா சேற்றில் போட்டிருந்த கூண்டுக்கதவை எடுத்துக் கழுவினார். பழைய இடத்தில் பொருத்தினார். சிவப்புப் பெட்டையைப் பிடித்து உள்ளே விட்டார். எங்கிருந்தோ ஒரு நீலக் கயிற்றை எடுத்துவந்து கட்டினார். நாலடி நடந்தார். திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பொய்யோ என்னவோ, ஒரு மனிதர் மீண்டுவிட்டார், இதுவும் ஒரு பரிகாரம்தான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஒன்றேகால் வருடத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கையில் கயிறு.

“நேத்து கட்டுனேன்,” என்றார்.

“பாத்தேண்ணா. சந்தோசமா இருந்துச்சு.”

“கட்டசொல்ல வேற எதையோ யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அவ டீ ஆறிப்போச்சுன்னு சொல்லுவாளே, அத்த. குனிஞ்சு பாக்குறேன், நாலு முடிச்சும் போட்டு, நுனிய செருகியும் ஆயிடுச்சு. நா போடல. கை போட்டுச்சு. ஒன்னேகால் வருசமா கயிறத் தொடாத கை. அதுக்கு நா வேணாம் போல.” கையை விரித்து என்னிடம் காட்டினார். உப்பு தின்று வெடித்த கை. “இது மறக்கற கை இல்ல.”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“கட்டித்தான் இருந்திருக்கும்,” என்றார்.

“அண்ணா...”

“நீ நல்லவம்மா,” என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லுவார். “எனக்கோசரம் பொய் சொன்ன பாரு. நீ நல்லா இருக்கணும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கதவு கட்டியிருந்தது மட்டுமில்லை, அண்ணி கூப்பிட்டார், நான் கயிற்றைத் தொட்டேன், விட்டுவிட்டு ஓடினேன் என்று. பாதிப் பழியையாவது அவர் தோளிலிருந்து இறக்கியிருக்கலாம். அவர் என்னை வாழ்த்திக்கொண்டு நின்றார், நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

“இத நீ வெச்சிக்க,” என்று கோழியை நீட்டினார். “எங்கிட்ட இருந்தா கட்டாம இருக்க கை வுடாது. கட்டுனா என்னால படுக்க முடியல. நீ கட்டி வளத்துக்க.” கயிற்றையும் கொடுத்தார்.

அந்த வாரமே மதகு வேலையை விட்டுவிட்டு, கிளியனூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மாட்டுக்கொட்டகைப் படலைக்கூடச் சாத்தவிடமாட்டார், மாடுகள் ஊர் மேய்கின்றன, தங்கை வீட்டில் ஓயாத சண்டை என்று யாரோ சொன்னார்கள். பிறகு அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சிவப்புப் பெட்டை என்னிடம் இரண்டு வருடம் இருந்தது. ஒரு மரப்பெட்டியில் அடைத்தேன். சாயங்காலமானால் அந்த நீலக் கயிற்றால் கட்டுவேன், அவர் கட்டுவதை எத்தனை நூறு முறை பார்த்திருக்கிறேன், நாலு முடிச்சு, நுனியை உள்ளே செருகி. நாலடி நடப்பேன். திரும்பி வருவேன். இடது கையை இடுப்பில் பிள்ளை இருப்பதுபோல் மடக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் அவிழ்ப்பேன். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அவிழ்ப்பேன். முதல் நாள் எண்பதில் அவிழ்ந்தது. பிறகு பழகிவிட்டது, நாற்பது, முப்பத்தைந்து.

எண்பது என்றே வைத்துக்கொண்டாலும், அன்று எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது.